வெள்ளை அறையில் பதில் சொன்னவர்கள்

வெள்ளை அறையின் வாசலில் இனி நிற்கப்போவது யார் என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நீங்கள்தான் என்றார்கள். அதனால் இதை எழுதுகிறேன். டிக்கெட் பார்ப்பது, கழிப்பறைக்கு வழி சொல்வது, கண்ணாடிப் பெட்டிமேல் சாய்பவர்களை முறைத்துப் பார்ப்பது எல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். முறைப்பது சிலருக்குப் பிறவியிலேயே வரும், எனக்கு வந்தது. நான் சொல்ல வருவது வேறு.

இத்தாலிய வீடுகளில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்தத் துருவப் பயண அருங்காட்சியகத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பலெர்மோ வெயிலில் துருவம் பார்க்க யார் வருவார்கள்? பல்லரோச் சந்தையில் மீன் விற்கும் எங்கள் மன்னார்க்காரர் ஒருவர், "ஐஸ் பாக்க ஏன் அவ்வளவு தூரம் போறியள்? என்ர பெட்டிக்குள்ள சும்மா பாக்கலாமே" என்றார். நானும் சிரித்தேன். முதல் நாள் உள்ளே வந்து, சறுக்கு வண்டிகளையும், நாய்களுக்குப் பூட்டிய தோல் வார்களையும், பனியில் கிடந்து எடுத்த ஒற்றைச் சப்பாத்தையும் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தச் சப்பாத்தின் கயிறு இன்னும் முடிச்சோடு இருக்கிறது. காலிலிருந்து கழற்றியவர் முடிச்சை அவிழ்க்கவில்லை.

அடுத்த மண்டபத்தில் மாலுமிகளின் படங்கள் இருக்கின்றன. துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது எடுத்தவை. யார் திரும்பி வந்தார், யார் வரவில்லை என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்காது. எல்லோரும் ஒரேமாதிரித்தான் நம்மைப் பார்க்கிறார்கள். எங்கள் தமிழ் ஆட்கள் மட்டும் செய்கிற வேலையொன்று அங்கே உண்டு. மூடும்போது அந்தப் படங்களைப் பார்த்து "போட்டு வாறம்" என்று சொல்லுவோம். யார் தொடங்கியது என்று தெரியாது. யாருடைய வீட்டிலிருந்தும் போய்விட்டு வருகிறோம் என்றுதான் கிளம்புவோம், "போறம்" என்று சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். இத்தாலியப் பெண்கள் முதலில் எங்களைக் கிண்டல் பண்ணினார்கள். பிறகு அவர்களும் அந்தச் சுவரைப் பார்த்து "நாளைக்குச் சந்திப்போம்" என்று தங்கள் மொழியில் முணுமுணுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

எனக்கு அந்தப் படங்கள்மேல் கொஞ்சம் கூடுதலான பாசம். என் தம்பி அன்ரன் மன்னாரில் கடலுக்குப் போனவன், வரவில்லை. படகும் வரவில்லை. அவனுக்குக் கல்லறை கிடையாது. இறந்தோர் நாளில் பலெர்மோச் சனமெல்லாம் பூவோடு சேமக்காலைக்குப் போகும்போது, நான் அங்கே நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்கடியில் மெழுகுதிரி வைத்துவிட்டு வருவேன். செபமாலை சொல்லும்போதுதான் அவன் நினைவு அதிகம் வரும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மணிக்கும் மாதா செபத்தின் முதற்பாதியை நான் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். அன்ரன் எப்போதும் முந்துவான். நான் முதற்பாதியின் கடைசிச் சொல்லில் இருக்கும்போதே அவன் மறுபாதிக்குள் இறங்கிவிடுவான். செபமாலை முடிந்தால்தான் சோறு என்பது வீட்டுச் சட்டம், அவனுக்குப் பசி. "மாதா ஒரு இடமும் ஓடமாட்டா, ஆறுதலாச் சொல்லடா" என்று அம்மா திட்டுவார். அடுத்த மணியிலும் முந்துவான்.

சரி, வெள்ளை அறைக்கு வருவோம். கட்டடத்தின் பின்பக்கம் இருந்த பழைய உப்புக் கிடங்கைத்தான் அப்படி மாற்றினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் பனியைப்பற்றி ஆராய்ச்சி செய்த கவிதா என்ற பிள்ளைதான் அதற்கு யோசனை சொன்னவள். தென்துருவத்தில் நேரே போய்க் குளிரில் கிடந்துவிட்டு வந்தவள். சுவரும் தரையும் கூரையும் மூலையில்லாமல் வளைந்து ஒன்றோடொன்று சேரும். எல்லாம் ஒரே வெள்ளை. குளிரூட்டியது பல்லரோவின் மீன் கடைகளுக்குக் குளிரறை கட்டிக்கொடுக்கிற அதே ஆள். மெல்லிய புகைமூட்டத்தை இயந்திரம் ஊதும். பார்க்க வருகிறவர்கள் நாம் கொடுக்கிற தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, ஒரு கயிற்றைப் பிடித்தபடி சுற்றி வரவேண்டும். பனிவெளியில் வானமும் நிலமும் ஒன்றாகிப் போகும்போது மாலுமிகள் கண்டது என்ன என்று காட்டுவதற்காகத்தான் இவ்வளவும்.

திறப்பதற்கு முதல் கவிதா என்னை உள்ளே விட்டாள், கயிறில்லாமல். "நேரா நடங்கக்கா, சுவர் வந்தா தொட்டுட்டுத் திரும்புங்க" என்றாள். நடந்தேன். பல்லரோவிலிருந்து வுச்சீரியாச் சந்தைக்குப் போகிற தூரம் நடந்ததுபோல இருந்தது. சுவர் வரவில்லை. கடைசியில் கை பட்டது கவிதாவின் தோளில். புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தேன்.

"என்ன பிள்ளை இது, பேய் அறையோ?" என்று கேட்டேன்.

"நிழல் இல்லக்கா. நிழல் இல்லேன்னா தூரம் தெரியாது. கால் தானா வட்டம் போடும்" என்றாள். பிறகு இரண்டு விஷயம் சொன்னாள். உள்ளே யாராவது தவறிவிட்டால் கதவைத் திறந்து வைக்கக்கூடாது. வெளிவெக்கை உள்ளே வந்தால் குளிரில் புகை இன்னும் தடிக்கும். தேடிக்கொண்டு ஓடவும் கூடாது. "தொலைஞ்சவங்க பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டாங்கக்கா. கூப்பிடுறது அவங்க காதுல விழும். ஆனா அது தனக்குன்னு தோணாது." அப்போது அது எனக்கு விளங்கவில்லை. விளங்காத விஷயத்துக்கும் தலையாட்டி வைக்கிற பழக்கம் எனக்கு அன்று உதவியது.

ஒரு கோடையில், சிரொக்கோக் காற்று ஊரையே அடுப்பில் வைத்ததுபோல வீசிய ஒரு மத்தியானம். ஒரு மகளும் அவளுடைய வயதான தாயும் வந்தார்கள். தாயின் பெயர் நூன்சியா என்று மகள் சொல்லி அறிந்தேன். இதய வருத்தக்காரி, மெலிந்த உடம்பு, பருத்திச் சட்டை. வெளியே வெந்துபோய் வந்தவர் ஜக்கெற்றைக் கையில் மாட்டமாட்டேன் என்று தோளில் மட்டும் போட்டுக்கொண்டார். வேறு சிலரும் அவர்களோடு உள்ளே போனார்கள். நான் வாசலில் நின்றேன். என்னோடு ஜெசிந்தா நின்றாள். உங்களுக்குத் தெரியும், இப்போது டிக்கெட் மேசையில் இருப்பவள்.

கரண்ட் போய் வந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் திரும்பி வந்த கரண்டில் புகை இயந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நிறுத்து என்று அமத்தினாலும் நிற்காமல் ஊதியது. கயிற்றைப் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசியாக மகள் வந்தாள். பின்பக்கம் நீட்டிய கையில் ஜக்கெற் கை ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கைக்குள் கை இல்லை. ஜக்கெற் தரையில் இழுபட்டு வந்தது.

"மம்மா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அந்த ஜக்கெற்றைப் பார்த்துத்தான் கேட்டாள். "நான் பிடிச்சுக்கொண்டுதானே வந்தன். பின்னால நடந்து வந்தவ. காலடி கேட்டது."

பிறகு ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தாள். கவிதா சொன்னது அப்படியே நடந்தது. வெக்கை உள்ளே நுழைந்ததும் புகை பால் பொங்குவதுபோலப் பொங்கி வாசல்வரை வந்து நின்றது. நான் அவளை இழுத்து நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். தாய் உள்ளே இருக்க மகளின் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்துவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. பல்லரோவில் மீன் விலை பேசிப் பாருங்கள், கேட்கலாம். மெயின் சுவிட்சை நிறுத்தினால் விளக்கும் போய்விடும். இதய வருத்தக்காரி இருட்டில் பயந்து ஓடினால் எங்கே விழுவாரோ. மெக்கானிக்குக்கும் அம்புலன்சுக்கும் சொல்லியாயிற்று, அவர்கள் இனித்தான் வந்துசேர வேண்டும். ஆனால் குளிர் யாருக்கும் காத்திருக்காது. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை ஜெசிந்தாவிடம் கொடுத்தேன்.

"நான் இழுத்தா நீயும் இழு. மற்றபடி விடாத" என்றேன்.

"ஓம் றீற்றா அக்கா. கெதியா வாங்கோ" என்றாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

உள்ளே போனதும் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. கண்ணைத் திறந்தாலும் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. கையை முகத்துக்கு முன்னால் பிடித்தேன். கை தெரிந்தது. ஆனால் கிட்ட இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு யாரோ ஒருத்தி எனக்குக் கை காட்டுவதுபோல இருந்தது. "சிஞ்ஞோரா, சிஞ்ஞோரா நூன்சியா" என்று இந்த ஊர் மரியாதையில் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். இயந்திரத்தின் மூச்சு மட்டும் கேட்டது. தேடி ஓடவேண்டும்போல கால் பறந்தது. ஓடக்கூடாது என்று என்னையே திட்டி நிறுத்தினேன்.

பயம் வந்தால் எங்கள் ஆட்களுடைய வாய் தானாக ஒன்றைச் சொல்லும். இத்தாலியக் கிழவியைத் தேடப் போன இடத்தில் நான் தமிழில் தொடங்கினேன். "அருள் நிறைந்த மரியாயே வாழ்க..." இத்தாலிய மொழியில் சொல்லவேண்டும் என்ற புத்தி அந்த நேரம் வேலை செய்யவில்லை. முதற்பாதியைச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசிச் சொல் இன்னும் வாயில் இருக்கிறது.

இடப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

தமிழ். ஆண்குரல். அவசரம்.

நான் வாயை மூடினேன். அப்போதுதான் வலப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல், மெதுவாக, பிந்தி, இத்தாலிய மொழியில் அதே மறுபாதியைச் சொல்லத் தொடங்கியது. "சாந்தா மரீயா, மாத்ரே தி தீயோ..." இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஆமெனில் வந்து நின்றன. இடப்பக்க ஆமென் முந்தி முடிந்தது.

பிள்ளைகளே, எனக்குப் பயமே வரவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது. உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். இவ்வளவு காலமும் நான் தேவையில்லாமல் அழுதிருக்கிறேன், இவன் இங்கேதானே நின்றிருக்கிறான் என்றுதான் தோன்றியது. என் கால் இடப்பக்கம் திரும்பிவிட்டது. அதை நான் திருப்பவில்லை, தானாகத் திரும்பியது.

ஏதோ ஒன்று என்னை இன்னொரு தரம் சொல்ல வைத்தது. திரும்பவும் முதற்பாதி. இடப்பக்கம் திரும்பவும் முந்தியது, இந்த முறை இன்னும் கிட்ட. கையை நீட்டினால் சேட்டுக் காலரில் பிடிக்கலாம்போல இருந்தது. வலப்பக்கக் குரல் பாதிச் சொற்களை விட்டுவிட்டது. கடைசியில் ஆமென் இல்லை, மூச்சு மட்டும்தான்.

அங்கேதான் நான் முடிவு எடுத்தேன். உங்களுக்கு நான் சொல்லித்தரக்கூடிய ஒரே தொழில் இரகசியம் இதுதான். ஒரு குரல் கிட்ட வருகிறது, மற்றது தேய்கிறது. கிட்ட வருகிறவனுக்கு நடக்கக் கால் இருக்கிறது. தேய்கிறவருக்குத்தான் ஆள் வேண்டும். உங்களுக்கு எந்தக் குரல் பிடித்தது, எது உங்கள் மொழி, எதற்காக உங்கள் நெஞ்சு அடிக்கிறது என்பதெல்லாம் அந்த இடத்தில் கணக்கில் வராது. தேய்கிற பக்கம் போங்கள்.

"அன்ரன், அதில நில்லடா. வாறன்" என்று இடப்பக்கம் பார்த்துச் சொன்னேன். வலப்பக்கம் நடந்தேன். நடக்க நடக்கச் செபத்தை விடவில்லை. அழுதுகொண்டு சொன்னேன், வெட்கமில்லை.

சிஞ்ஞோரா தரையில் உட்கார்ந்திருந்தார். கால்தடக்கி அவர்மேல் விழப்பார்த்தேன். கை மீன்பெட்டிக்குள் இருந்து எடுத்ததுபோல இருந்தது. என் ஜக்கெற்றைக் கழற்றிச் சுற்றி, தூக்கி நிறுத்தி, இடுப்புக் கயிற்றை இழுத்தேன். ஜெசிந்தா இழுத்தாள். நல்ல பிள்ளை, ஒரு கணமும் விடவில்லை. கதவுக்குக் கிட்ட வந்ததும் சிஞ்ஞோரா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். பல் கிட்டிப்போய் வார்த்தை சரியாக வரவில்லை. ஆனால் அவர் கேட்டது எனக்குத் தெளிவாக விளங்கியது.

"அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வரவில்லையா?"

நான் அவரை வெளியே தள்ளினேன். மகள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்புலன்ஸ் வந்தது. நான் கயிற்றையும் அவிழ்க்காமல் திரும்ப உள்ளே போனேன். வாறன் என்று சொல்லியிருந்தேனே. நான் உள்ளே இருக்கும்போதே மெக்கானிக் வந்து இயந்திரத்தை நிறுத்தினான். புகை மெல்லத் தரையில் படிந்தது. ஒரு வெறும் அறை. எவ்வளவு சின்ன அறை. சுவரைத் தொட்டுக்கொண்டே முழுதும் சுற்றி வந்தேன். ஒருவரும் இல்லை. அந்த வாசலுக்குள்ளேயே உட்கார்ந்து, கடலுக்குப் போனவனுக்காக முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

கவிதாவிடம் மட்டும் சொன்னேன். அவள் படித்த பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். "அந்த ரூம்ல சத்தம் சுவரைச் சுத்தி வரும்க்கா. உங்க குரலே வேற பக்கத்துலேர்ந்து, வேற யாரோ மாதிரிக் கேக்கும்" என்றாள்.

"எதிரொலி பிந்தித்தானே வரும் பிள்ளை? இது முந்தி வந்தது" என்றேன்.

அவள் நாற்காலியை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அங்க ஐஸ்ல இருந்தப்ப, டென்ட்ல டீ ஊத்துவோம்ல, எப்பவும் ஒரு கப் அதிகமா ஊத்திருவோம். யார் ஊத்தினாலும் அப்படித்தான். எதுக்குன்னு யாரும் கேட்டதில்லக்கா" என்றாள். அந்தக் கப்பை யார் குடித்தது என்று நானும் கேட்கவில்லை.

சிஞ்ஞோரா பிழைத்தார். கொஞ்ச நாள் கழித்து மகளோடு என் வீட்டுப் படியேறி வந்தார், பலகாரத் தட்டோடு. மகள் அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டாள். அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னமே பல இடத்தில் கேட்டிருக்கிறேன், பரவாயில்லை என்றேன். தமிழ்ச் செபத்துக்கு எப்படிப் பதில் சொன்னீர்கள் என்று தாயைக் கேட்டேன். அவர் குடியிருப்பது அல்பெர்கேரியாப் பகுதியில், எங்கள் கோயிலுக்குப் பக்கத்து மேல்மாடியில். எங்கள் சனம் செபமாலை சொல்வது கன வருஷமாக அவருடைய யன்னலால் கேட்குமாம். எந்த இடத்தில் நிறுத்துவோம், எந்த இடத்தில் தொடங்கவேண்டும் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே பழகிவிட்டாராம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டதாம். ஆனால் வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று இருந்துவிட்டாராம். செபம் கேட்டதும் வாய் தானாகப் பதில் சொன்னதாம்.

போகும்போது படியில் நின்று, "அந்தத் தம்பி சுகமா?" என்று கேட்டார்.

"சுகமாக இருக்கிறான்" என்றேன். வேறென்ன சொல்வது?

அதற்குப் பிறகும் நான் அதே வாசலில்தான் வேலை செய்தேன். இடம் மாற்றித் தரவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். ஒவ்வொரு நாளும் மூடமுதல் கதவுக்குள் தலையை நீட்டி முதற்பாதியைச் சொல்வேன். கொஞ்சம் பொறுப்பேன். பதில் வரவில்லை. பிறகு "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு விளக்கை நிறுத்துவேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

போன மாதம் என்னை வழியனுப்பக் கேக் வெட்டினீர்கள், பூங்கொத்துத் தந்தீர்கள். எல்லா மண்டபத்துக்கும் போய்ச் சொல்லிக்கொண்டேன். சறுக்கு வண்டிக்குச் சொன்னேன், அந்த ஒற்றைச் சப்பாத்துக்கும் சொன்னேன். வெள்ளை அறை வாசலில் நின்றபோது வாய் வரவில்லை. இனி வரமாட்டேன் என்று தெரிந்துகொண்டு அவனுக்குப் "போட்டு வாறன்" என்று எப்படிச் சொல்வது? "போறன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அது எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு உதவி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏதோ ஒரு நாளில், நீங்கள் செபத்தின் முதற்பாதியைச் சொல்லி முடிக்கமுதல் உள்ளேயிருந்து யாராவது பதில் சொன்னால் பயப்படவேண்டாம். டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களை முதலில் வெளியே எடுங்கள். தேய்கிற குரலை முதலில் எடுங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகு, கதவைச் சாத்தமுதல், அந்தப் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

"றீற்றா அக்கா வேலையை விட்டிட்டா. அல்பெர்கேரியாவில, கோயிலுக்குப் பின் ஒழுங்கையில, மேல் வீட்டில இருக்கிறா. இஞ்சை குளிருக்க நிக்காம அங்கை வரட்டாம். சோறு இருக்காம். முதல் சாப்பிடட்டாம், செபமாலை பிறகு சொல்லலாமாம்."